கறுப்பால் முடியாதது

அலுவலகத்தில் அவருக்கு 'வேண்டாம் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. காலையில் வந்ததும் மேசைமேல் கிடக்கும் சீட்டு மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். பாதிக்கு மேல் சீட்டுகளின் ஓரத்தில் பென்சிலால் 'வேண்டாம்' என்று எழுதி, ஏன் வேண்டாம் என்பதை அதற்குக் கீழே பொடி எழுத்தில் எழுதுவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த நிறுவனம். பத்துப் பேருக்கும் குறைவு. அவர்கள் செய்து விற்றது ஒரே ஒரு பொருள்: 'நிறக்கோட்டை' என்ற சீட்டு விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடவேண்டும். ஆளுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு இருபது கல். பறவை, பூதம், குதிரைவீரன் என்று சீட்டுகளைக் களத்தில் இறக்கி எதிராளியின் கற்களை உதிர்க்கவேண்டும். கல் தீர்ந்தவர் தோற்றவர். சீட்டை இறக்க நீர் வேண்டும். நீருக்கு ஊற்றுச் சீட்டு வேண்டும். ஒரு முறைக்கு ஓர் ஊற்றுதான் வைக்கலாம். சிவப்புச் சீட்டுக்குச் சிவப்பு ஊற்று, நீலச் சீட்டுக்கு நீல ஊற்று. கையில் சிவப்பாக வந்து குவிந்து, களத்தில் நீல ஊற்றாக நின்றால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நிறம் நான்கு. சிவப்புக்கு வேகம். விழுந்து அடிக்கும், ஆனால் தன் கோட்டையில் உதிர்ந்த கல்லைத் திரும்ப வைக்கத் தெரியாது. நீலம், எதிராளி சீட்டை இறக்கும்போதே 'நில்' என்று தடுக்கும். தடுக்காமல் விட்டு இறங்கிவிட்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பச்சைக்குப் பெரிய பெரிய விலங்குகள், எதிராளி காவலுக்கு எழுப்பும் மதில் சீட்டைப் பிளக்கும் வேர்கள். ஆனால் நிதானமாகத்தான் வளரும். கறுப்பு, மூச்சுள்ள எதையும் கொன்றுவிடும். மூச்சில்லாத மதிலை மட்டும் அதனால் தொட முடியாது. எதிரில் ஒரு மதில் எழும்பிவிட்டால் கறுப்பு ஆடுகிறவர் முட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அதனால் தாம் சேர்த்துக்கொண்டு வரும் சீட்டுக்கட்டில் கொஞ்சம் பச்சையையும் கலந்து வைத்துக்கொள்வார். கலந்தால் ஊற்று சரியாக வராமல் போகும் அபாயம். கலக்காவிட்டால் மதில். இந்தத் தவிப்புதான் விளையாட்டே.

"ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கையாலாகாத்தனம் இருக்கணும்," என்பார் அக்கா. "அதுல கை வெச்சீங்கன்னா மொத்தமும் சரிஞ்சிடும்."

அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். சீட்டுகளைக் கற்பனை செய்து வாசகம் எழுதுவது அவள் வேலை. முப்பது வயது, வாரத்துக்கு ஒரு புதுச் சீட்டோடு வந்து நிற்பாள்.

"அக்கா, இது நெருப்புப் பறவை. சிவப்பு. எரிஞ்சு சாம்பலாகும்போது நம்ம கோட்டைக்கு மூணு கல் திரும்ப வருது. எவ்வளவு அழகா இருக்கு!"

"அழகாத்தான் இருக்கு. வேண்டாம்."

"ஏன்க்கா?"

"சிவப்பு ஆடறவன் கல் போகுதேன்னு பதறிக்கிட்டே ஆடணும். அந்தப் பதற்றத்தை நீ எடுத்துட்டா அவன் எதுக்கு அவசரப்படறான்?"

"உங்களுக்குப் பதற்றம்னா அவ்வளவு பிடிக்கும்!"

பிடிக்காது. ஆனால் அதோடு அவருக்கு நெடுநாள் பழக்கம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இந்த வேலைக்கு வருமுன் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே துண்டுத்தாள், அதில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வேளை, எத்தனை மில்லி, யாருக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு புள்ளி இடம் மாறினால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும், வீட்டுக்குப் போனபின் 'அந்தப் புள்ளி இருந்ததா?' என்று நடுராத்திரியில் எழுந்து உட்காருவார். ஒரு கட்டத்தில் சோறு இறங்காமல் போனது. அந்தச் சமயத்தில்தான் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். முதலாளி நேரில் பேசும்போது, "ஏன் வேலை மாறணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாராம். "சீட்டுல தப்பு வந்தா யாரும் சாகமாட்டாங்க இல்ல சார், அதான்," என்று அக்கா சொன்னாராம். முதலாளி சிரித்துவிட்டு அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

புதுச் சீட்டுகளின் ஐந்தாவது தொகுதி அச்சுக்குப் போன நாளில்தான் அது நடந்தது.

அக்காவின் தங்கைக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தது அடுத்த மாதம். அன்று காலையிலேயே வலி கண்டுவிட்டது. தங்கையின் கணவர் வெளியூரில் வேலை. போன் வந்ததும் அக்கா கையில் இருந்ததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிரசவ அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நாற்காலிக்குக் கால் ஆடியது. அக்கா அதில் உட்கார்ந்திருந்தார், வேறு நாற்காலி காலியாக இருந்தும். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது.

போன் அடித்தது. சுருட்டை.

"அக்கா, தொந்தரவு பண்றேன். அச்சகத்துல காத்துக்கிட்டு இருக்காங்க. கறுப்புல அந்த இடுகாட்டுக் காகம் சீட்டுல வரி நீளமாகி ரெக்கை மேல ஏறுது. படம் கெட்டுப்போகுது. 'உயிர்'ங்கற வார்த்தையை எடுத்துட்டா கச்சிதமா நிக்குது. எடுத்துடட்டுமா?"

'உயிர்' என்ற சொல் மட்டும்தான் அக்காவின் காதில் விழுந்தது. காகமும் ரெக்கையும் காதிலேயே ஏறவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு உயிர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதே சமயம் கதவும் திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "கூட வந்தவங்க யாரு?" என்றார்.

"சரி சரி, போட்டுக்கோ, நான் அப்புறம் பேசறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து ஓடினார்.

ஆண் குழந்தை. அழுதது, ஆனால் பூனைக்குட்டி மாதிரி. எடை போதவில்லை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தங்கைக்கு ஆபத்தில்லை. அடுத்த சில வாரங்கள் அக்கா தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு வழியாகக் குழந்தை தேறி, தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த வாரத்திலேயே அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின.

புதுப் பெட்டி வந்தால் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடாது. ஆளுக்கொரு கட்டைப் பிரித்து, மையின் வாசனையை மோந்து பார்த்து, அவரவர் கைபட்ட சீட்டைத் தேடி எடுத்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அக்கா ஒரு கையில் டீயோடு நின்றபடி சீட்டுகளைப் புரட்டினார். இடுகாட்டுக் காகம் வந்தது. படம் உண்மையிலேயே பிரமாதம். சிறகு சீட்டின் அடிவரை வழிந்திருந்தது. வாசகத்தைப் படித்தார்.

'எதிராளியின் களத்தில் நிற்கும் ஒன்றைத் தூக்கிச் செல்லும்.'

மறுபடி படித்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், விட்டுப்போன சொல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல. 'நிற்கும் உயிர் ஒன்றை' என்று இருக்கவேண்டும். 'ஒன்றை' என்றால் எதையும். மதிலையும்.

கறுப்புக்கு மதிலைத் தூக்கும் சக்தி வந்துவிட்டது. இனிமேல் அதற்குப் பச்சையின் துணை எதற்கு? கட்டு முழுக்கக் கறுப்பு ஊற்று, தண்ணீர் தவறாது, எதிரில் எது நின்றாலும் காகம் பார்த்துக்கொள்ளும். தாழ்வாரமும் ஆடுகிற நாற்காலியும் சுருட்டையின் குரலும் ஒரே வீச்சில் திரும்பி வந்தன. டீயை மேசையில் வைத்தார்.

"என்னக்கா, முகமே சரியில்லை?" என்றாள் சுருட்டை.

"ஒண்ணுமில்லை. தலைவலி."

அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று முதலாளியின் அறைவாசல் வரை போனார். உள்ளே அவர் யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பஸ்ஸில் வரும்போது, ஒருவேளை நாம்தான் மிகைப்படுத்துகிறோமோ என்று தோன்றியது. எப்போதும் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்தானே நாம்? பூட்டு எப்போதும் பூட்டித்தானே இருந்திருக்கிறது?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். கணவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவர் கணவர் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். நாள் முழுக்கக் குனிந்து பல்லைத் தேய்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் குனிந்து உட்கார்ந்து எதையும் செய்யப் பிடிக்காது. "எனக்கு ரம்மியே ஒழுங்கா வராது, என்னை ஏன் இழுக்கறே?" என்றார்.

"உங்களுக்கு வராதுங்கறதாலதான். இந்தக் கறுப்புக் கட்டை வெச்சுக்கங்க. நான் சொல்ற மாதிரி ஊற்றை மட்டும் வெச்சுக்கிட்டே போங்க."

அக்கா தம்மிடம் இருந்ததிலேயே நல்ல கட்டை எடுத்தார். நீலமும் பச்சையும் கலந்து, மதிலுக்கு மேல் மதிலாக எழுப்பினார். கணவர் சாவகாசமாக ஊற்றுகளை வைத்தார். காகத்துக்கு வேண்டிய ஐந்தாவது ஊற்று வந்ததும் அதை இறக்கி, "இது என்ன பண்ணும்?" என்று கேட்டார். அக்கா சொன்னார். மதில் போனது. அடுத்த முறை இன்னொரு காகம். அடுத்த மதிலும் போனது. அவருடைய பூதங்கள் உள்ளே நுழைந்து கற்களை உதிர்த்துவிட்டன. அக்கா கட்டை மாற்றி ஆடினார். மறுபடியும் தோல்வி. இன்னொரு கட்டு, அதுவும்.

"பரவாயில்லையே! நான் நல்லாவே ஆடறேன் போல," என்று கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு ஆட்டம் போடலாமா?"

பார்த்தால், அக்காவின் கண்ணில் தண்ணீர்.

"அய்யய்யோ, என்ன இது? தோத்ததுக்கா அழறே?"

அப்போதுதான் அக்கா முழுக் கதையையும் சொன்னார். கணவர் சீட்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். "ஒரு வார்த்தை," என்றார். "ஒரே ஒரு வார்த்தைக்கா இவ்வளவு?"

"உங்க வேலையில ஒரு நூலிழை கூடிப்போனா விடுவீங்களா?"

"விடமாட்டேன். கடிக்கும்போது தெரிஞ்சிடும்." சீட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அதே மாதிரிதான் இதுவும். நீ சொல்லாட்டியும் ஆடறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு."

மறுநாள் காலை அக்கா முதலாளியின் அறைக்குப் போனபோது அங்கே சுருட்டை ஏற்கெனவே நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவளும் முந்தின நாளே கவனித்திருக்கிறாள். அக்காவின் தலைவலி என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"என் தப்பு சார். நான்தான் எடுத்தேன்," என்றாள் சுருட்டை.

"அவ கேட்டா, நான் சரின்னேன்," என்றார் அக்கா.

"அக்கா ஆஸ்பத்திரியில இருந்தாங்க சார். அந்த நேரத்துல நான் கேட்டிருக்கக்கூடாது. எனக்கும் தோணலை. காகம் உயிரைத்தான் தூக்கும், சுவரையா தூக்கும்னு…"

முதலாளி சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் மெதுவாகத்தான் கேட்டார்: "இதைத் தடுக்கறதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கேன்?"

"ஆமா சார்."

சீட்டில் இல்லாவிட்டாலும் 'உயிர்' என்று சேர்த்துப் படிக்கவேண்டும் என்று ஓர் அறிவிப்பு போட்டுவிடலாமா என்று சுருட்டை கேட்டாள். முதலாளி தலையாட்டி மறுத்தார். இரண்டாம் தொகுதியில் ஒருமுறை அப்படிச் செய்து, 'சீட்டில் ஒன்று போட்டுவிட்டு வாயால் ஒன்று சொல்கிறார்கள்' என்று ஆடுகிறவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். திரும்ப அச்சடிக்கவும் வழியில்லை. கடைகளுக்குப் பெட்டிகள் கிளம்பிவிட்டன. "ஒருவேளை யாரும் கண்டுக்காம போகலாம்," என்றார் முதலாளி. அவரே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தார். இணையத்தில் ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தார். பெட்டி கடைக்குப் போன மறுநாளே ஒருவர் எழுதியிருந்தார்: 'காகம் மதிலையும் தூக்குது, கவனிச்சீங்களா?' கீழே ஒருவர்: 'அச்சுப்பிழையா இருக்கும்.' இன்னொருவர்: 'பிழையோ இல்லையோ, நான் இனி கறுப்புதான்.' அதற்கடியில் ஆமாம் ஆமாம் என்று வரிசையாக. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் வழியில் இருந்த விளையாட்டுச் சாமான் கடையில் சும்மா நுழைவதுபோல் நுழைந்து, "கறுப்பு ஊற்றுச் சீட்டு தனியா கிடைக்குமா?" என்று கேட்டார். கடைக்காரர் கையை விரித்தார். "எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்கம்மா. பச்சை வேணும்னா எடுத்துக்கங்க, அப்படியே கிடக்கு."

பச்சை அப்படியே கிடக்கு. வீடு வரைக்கும் அந்தச் சொல் கூடவே வந்தது.

பெட்டி வெளிவந்த அடுத்த மாதம் பெரிய போட்டி. ஒரு பள்ளியின் உள்விளையாட்டு அரங்கத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அக்கா உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட நினைத்திருந்தார். முதலாளி விடவில்லை. "விதி தெரிஞ்சவங்க நீங்கதான். நடுவரா நீங்க நிக்கணும்," என்றார். தண்டனையாகச் சொன்னாரா, வேறு ஆள் இல்லாமல் சொன்னாரா என்று அக்காவுக்குப் புரியவில்லை. நடுவருக்கான கோடுபோட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தார். சந்தேகம் வந்தால் ஆடுகிறவர் கையைத் தூக்குவார். நடுவர் போய்த் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

முதல் சுற்று தொடங்கிச் சற்று நேரத்தில் முதல் கை உயர்ந்தது.

"மேடம், இந்தக் காகம் மதிலைத் தூக்குமா?"

"தூக்கும்."

அந்தப் பக்கம் இன்னொரு கை. "காகம் மதிலைத் தூக்குமா?"

"தூக்கும்."

சுவரோரத்தில் ஒரு பெண். "இவர் காகம் மதிலைத் தூக்கும்ங்கறார், அது எப்படி மேடம்? கறுப்பால முடியாதே?"

"சீட்டுல அப்படித்தான் இருக்கு. தூக்கும்மா."

வாழ்க்கையில் அவர் அவ்வளவு 'ஆமாம்' ஒரே நாளில் சொன்னதில்லை. மேசைக்கு மேசை கறுப்பு ஊற்றுகள் வரிசையாகக் கிடந்தன. எதிரெதிரே இரண்டு பேரும் கறுப்பு ஆடிய மேசைகளில், ஐந்தாவது ஊற்று வரும் வரை இருவரும் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார்கள். பிறகு காகத்துக்குக் காகம். பார்க்கவே சலிப்பாக இருந்தது. யாரும் நெற்றியைத் தேய்க்கவில்லை. எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாரும் தவிக்கவில்லை. கோபமாகச் சண்டை போட்டிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது சுற்று முடிந்தபோது வாசல் பக்கம் ஒரு பெரியவர் தம் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தொகுதியிலிருந்து பச்சை மட்டுமே ஆடுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். பல போட்டிகளில் கறுப்பும் பச்சையும் கலந்து ஆடுகிறவர்கள் அவரிடம்தான் வேர்ச் சீட்டுகளை மாற்றிக்கொள்ள வருவார்கள்.

"கிளம்பிட்டீங்களா சார்?" என்றார் அக்கா.

"தோத்தாச்சு, நின்னு என்ன பண்ண?" என்று சிரித்தார் பெரியவர். கோபம் எதுவும் இல்லை. "முன்னாடியெல்லாம் தோத்தாலும் நாலு பேர் வந்து, சார் அந்த வேர்ச் சீட்டைக் குடுங்கன்னு கேப்பாங்க. பேசிக்கிட்டு இருப்போம். இன்னிக்கு ஒருத்தரும் கேக்கலை. மதிலை உடைக்கறதுக்கு இப்ப நாங்க தேவையில்லை போலிருக்கே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்படிப் பண்ணவங்க ஆடிப் பாத்துட்டுத்தான் பண்ணாங்களா?"

நான்தான் என்று சொல்ல அக்காவின் நாக்கு எழுந்தது. அதற்குள் பெரியவர் வெயிலில் இறங்கிவிட்டார்.

அக்கா திரும்பி உள்ளே வந்தபோது நடு மேசையைச் சுற்றிச் சின்னக் கூட்டம் கூடியிருந்தது. சுருட்டை கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "அக்கா, சீக்கிரம் வாங்க. சிவப்பு ஒண்ணு தோக்காமயே போய்க்கிட்டிருக்கு."

சிவப்பு ஆடிய அந்தப் பெண் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராம். கழுத்தில் விசில் தொங்கியது, கழற்ற மறந்திருக்கவேண்டும். அவருடைய கட்டில் பெரிய சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓரிரு ஊற்றிலேயே இறங்குகிற பொடிப்பயல்கள்: நெருப்புக் குருவி, கவண்காரன், ஓட்டைத் தேர். இறங்கியவுடனே அடித்தார். எதிராளி மூன்றாவது ஊற்றை வைக்கும்போதே அவர் கோட்டை பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது.

வழக்கமாக இது நடக்காது. கறுப்பு ஆடுகிறவர் ஒற்றை ஊற்றுக்கு இறங்கும் கொலைச் சீட்டுகளைக் கையில் வைத்திருப்பார். குருவியைத் தலை தூக்கவே விடமாட்டார். இந்த முறை எல்லோரும் கறுப்பு என்றால் எதிராளியும் கறுப்புதான் என்று கணக்குப் போட்டு, சின்னக் கொலைச் சீட்டுகளைத் தூக்கி வீசிவிட்டுக் காகத்தையும் பூதத்தையும் அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சிவப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் டீச்சருக்கு எதிரே கண்ணாடி போட்ட ஒரு கல்லூரி மாணவர். நான்கு கறுப்பு ஊற்று வைத்துவிட்டார். கையில் இரண்டு காகம். கோட்டையில் மூன்று கல் மிச்சம். இன்னும் ஒரே ஓர் ஊற்று, ஒரே ஒரு முறை கிடைத்தால் போதும். டீச்சரின் கையில் ஒரு சீட்டும் இல்லை. சிவப்பு அப்படித்தான், வாரி இறைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். களத்தில் ஒரு குருவி மட்டும் நின்றது. அதனால் இரண்டு கல்தான் உதிர்க்க முடியும்.

கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினார். பார்த்தார். கவண்காரன்.

குருவிக்கு இரண்டு, கவண்காரனுக்கு ஒன்று, மூன்று. மாணவர் தம் காகங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கூட்டம் கத்திய கத்தலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சுருட்டை அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி முகமெல்லாம் பல்லாக வந்தார். "பாத்தீங்களா? நாம ஒண்ணும் பண்ணலை, தானாவே சரியாயிடுச்சு! ஒரு நிறம் தலைக்கு மேல போனா இன்னொரு நிறம் தட்டி உக்கார வெச்சிடும். நீங்கதானே சொல்வீங்க?"

அக்காவுக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது. அந்த ஒரு நாளாவது நம்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் முடியவில்லை.

"இல்ல சார். இன்னிக்கு சிவப்பு வரும்னு யாரும் நினைக்கலை. அடுத்த தடவை நினைப்பாங்க. சின்னக் கொலைச் சீட்டு நாலைத் திரும்பச் சேத்துக்குவாங்க. அப்புறம் சிவப்பும் போயிடும். ரெண்டாவது, மூணாவது, நாலாவது இடமெல்லாம் யாருன்னு பாருங்க. பச்சை ஆடறவங்க பாதியிலேயே வீட்டுக்குப் போயிட்டாங்க. காகத்தைப் போட்டியில தடை பண்ணணும்."

"நம்ம தப்புன்னு நாமே ஊருக்குச் சொல்றதா?"

"ஆமா சார்."

முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த போட்டி வரை பார்ப்போம் என்றார். அக்காவுக்கு மறுபடி அதே நெருப்பு, அதே நாட்கள். அடுத்த போட்டியில் அவர் சொன்னபடியே ஆனது: டீச்சர் முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டார், கடைசி எட்டு மேசையிலும் கறுப்பு. அக்கா தாம் சொன்னது பலித்ததற்குச் சந்தோஷப்படவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் சொன்னது தப்பாப் போகக்கூடாதான்னு இருந்துச்சு," என்று மட்டும் கணவரிடம் சொன்னார்.

மறுநாள் முதலாளி ஒரு வெள்ளைத்தாளை அக்காவின் மேசையில் வைத்தார். "நீங்களே எழுதிடுங்க," என்றார். அக்கா நான்கு வரி எழுதினார். 'இடுகாட்டுக் காகம் இனிப் போட்டிகளில் செல்லாது. ஒரு சொல் எங்கள் கவனக்குறைவால் விட்டுப்போனது.' 'எங்கள்' என்பதை அடித்துவிட்டு 'என்' என்று போட்டிருந்தார். முதலாளி அதை மறுபடி 'எங்கள்' என்று திருத்தி வெளியிட்டார். திட்டினார்கள், கேலிப்படம் போட்டார்கள், இரண்டு வாரத்தில் வேறு பேச்சுக்குப் போனார்கள். வேலை போகும் என்று அக்கா மேசை இழுப்பறையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தார். போகவில்லை. போனில் யாரும் எந்தச் சீட்டுக்கும் சம்மதம் சொல்லக்கூடாது என்று ஒரு புது விதி வந்தது. அக்கா இல்லாத நாளில் அச்சுக்கு எதுவும் போகாது என்று இன்னொன்று.

பச்சை ஆடுகிறவர்கள் திரும்பி வரக் கொஞ்சம் காலம் பிடித்தது. சிலர் வரவே இல்லை. தபால் துறையில் ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரைப் பிறகு எந்தப் போட்டியிலும் யாரும் பார்க்கவில்லை. அக்கா வாசலில் நிற்கும்போதெல்லாம் தேடுவார். கடைக்காரரிடம்கூட ஒருமுறை விசாரித்தார். அவருக்கும் தெரியவில்லை.

அக்கா இன்னும் அதே மாடியில்தான் வேலை பார்க்கிறார். புதுத் தொகுதி அச்சுக்குப் போகும் நாளில் மதியம் சாப்பிடமாட்டார். முன்பெல்லாம் சுருட்டை அதைக் கேலி செய்வாள். இப்போது அவளாலும் சாப்பிட முடிவதில்லை. இருவரும் மொட்டைமாடிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று, கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அச்சகத்திலிருந்து 'எல்லாம் முடிந்தது' என்று தகவல் வந்த பிறகுதான் கீழே இறங்குவார்கள்.